ஊர் கூடிச் செய்த ஓவியம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சமுதாயம் என்பது பற்றி ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் படித்தது வேதியியல், பிழைத்தது வங்கியில். சமுதாயத்தைப் பற்றிப் பேச எனக்குப் பட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு விஷயத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். யூத மக்கள் தங்கள் ஜெப ஆலயங்களில் கூடிச் செய்த கலை வேலைகள்தான் அது. கொச்சி மட்டாஞ்சேரிக்குச் சுற்றுலா போனவர்கள் அங்குள்ள பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1568-ல் கட்டியது. தரையெல்லாம் சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீல வண்ண ஓடுகள். ஆலயம் அப்படியே இருக்கிறது. 1948-க்குப் பிறகு மக்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கட்டடம் இருந்து மக்கள் இல்லாத அந்த இடம்தான் என்னை இந்தப் படிப்பில் இழுத்துவிட்டது.

ஒரு கூட்டம் எப்போது சமூகம் ஆகிறது? இதுதான் கேள்வி. யூத வழக்கப்படி பத்துப் பேர் கூடினால்தான் முழுமையான கூட்டு ஜெபம் நடக்கும். மரபாகப் பத்து ஆண்கள். இன்று பல பிரிவுகளில் பெண்களையும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் பத்துப் பேர் கூடினால் மட்டும் போதுமா? அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் ஒரு கதை உண்டு. கப்பல் உடைந்து ஒரு யூதர் தனித்தீவில் மாட்டிக்கொண்டார். பல வருஷம் கழித்து மீட்க வந்தவர்கள் பார்த்தால், அந்த ஒற்றை மனிதர் இரண்டு ஜெப ஆலயம் கட்டி வைத்திருக்கிறார். "ஐயா, ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு?" என்று கேட்டார்கள். "இது நான் போற ஆலயம். அது, செத்தாலும் நான் காலடி வைக்கமாட்டேன்னு வச்சிருக்கிற ஆலயம்" என்றாராம். நம்ம ஊர்ச் சங்கங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புரியும். சிரிக்கிறவர்களில் சிலர் இந்தச் சங்கத்தின் பழைய செயற்குழுவில் இருந்தவர்கள் என்பதையும் கவனிக்கிறேன்.

ஆக, கூடுவது சுலபம், சேர்வது கடினம். சேர்வதற்கு யூத மரபு கண்ட வழிகளில் ஒன்று, எல்லோரும் சேர்ந்து கையால் ஒன்றைச் செய்வது. அதன் முதல் கதை வேதத்திலேயே இருக்கிறது.

யாத்திராகமம் 32-ஆம் அதிகாரத்தில், மோசே மலைக்குப் போய்த் திரும்பத் தாமதமானதும் மக்கள் பொறுமை இழக்கிறார்கள். காதணிகளைக் கழற்றி ஆரோனிடம் கொடுக்கிறார்கள். பொன் கன்றுக்குட்டி வருகிறது. அடுத்து 35, 36-ஆம் அதிகாரங்களில் அதே மக்கள் ஆசரிப்புக் கூடாரம் செய்கிறார்கள். அதற்கும் பொன் கொடுத்தார்கள், இதற்கும் பொன் கொடுத்தார்கள். வித்தியாசம் எங்கே? கன்றுக்குட்டிக்கு அவர்கள் நகையைக் கழற்றிக் கொடுத்ததோடு சரி, மற்றதெல்லாம் ஆரோன் பாடு. கூடாரத்துக்குக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பெண்கள் வெள்ளாட்டு மயிரைத் திரித்தார்கள். நீலம், இரத்தாம்பரம் என்று நூல் நூற்றார்கள். தங்கள் முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடிகளைக் கொடுத்தார்கள், அதில் கை கால் கழுவும் தொட்டி வார்க்கப்பட்டது. பெசலெயேல், அகோலியாப் என்ற இரண்டு தேர்ந்த கைவினைஞர்கள் வேலையை மேற்பார்த்தார்கள். கடைசியில் மக்கள் கொண்டுவந்து குவித்தது தேவைக்கு அதிகமாகிவிட்டது. "போதும், இனி யாரும் கொண்டுவர வேண்டாம்" என்று மோசே பாளயம் எங்கும் அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்தச் சங்கத்தின் பொருளாளருக்கு அப்படி ஒரு நாள் வாய்க்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்!

இன்னொரு நுட்பம். மனமுவந்து கொடுப்பது தவிர, ஆளுக்கு அரைச் சேக்கல் வெள்ளி என்று ஒரு வரி இருந்தது. பணக்காரர் கூடுதலாகக் கொடுக்கக்கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக்கூடாது. அந்த வெள்ளியில் செய்தது என்ன தெரியுமா? கூடாரம் நிற்பதற்கான அடிப்பாதங்கள், 100 பாதங்கள். கண்ணில் படுகிற அலங்காரமெல்லாம் அவரவர் வசதிப்படி. பாரம் தாங்குகிற அடித்தளம் மட்டும் எல்லோருக்கும் சமபங்கு.

பிரிட்டனில் 1991 முதல் 2013 வரை தலைமை ரபியாக இருந்த ஜோனத்தன் சாக்ஸ் 2007-ல் வெளியிட்ட ஒரு நூலில் இந்தக் கதையைத்தான் எடுத்துக்கொள்கிறார். கடல் பிளந்தது, மன்னா பொழிந்தது, கன்மலையிலிருந்து தண்ணீர் வந்தது. எல்லாம் அவர்களுக்காகச் செய்யப்பட்டது. ஆனாலும் முணுமுணுப்பு ஓயவில்லை. அவர்களே உட்கார்ந்து வேலை செய்த அந்தக் காலத்தில்தான் முணுமுணுப்பு கேட்கவில்லை என்கிறார். நமக்குச் செய்து தரப்படுவது நம்மை மாற்றுவதில்லை, நாம் செய்வதுதான் மாற்றுகிறது என்பது அவர் வாதம். கன்றுக்குட்டியையும் கூடாரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கும் அது சரியென்றே படுகிறது.

"சார், இதெல்லாம் வேதக் கதை, நிஜத்துல நடந்ததா?" என்று மாணவர்கள் கேட்கலாம். சரி, மண்ணுக்கடியிலிருந்து வந்த சாட்சியைச் சொல்கிறேன். 1928 கடைசியில், கில்போவா மலையடிவாரத்தில் ஒரு கூட்டுப்பண்ணை இளைஞர்கள் வாய்க்கால் வெட்டினார்கள். மண்வெட்டியில் வண்ணக் கற்கள் தட்டுப்பட்டன. 1929-ல் எலியேசர் சுகெனிக் என்ற தொல்லியல் அறிஞர் அகழ்ந்தபோது, 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெப ஆலயத்தின் தரை முழுசாக வெளிப்பட்டது. பெத் அல்ஃபா என்று பெயர். சின்னச் சின்னக் கற்களைப் பதித்து வரைந்த படங்கள். ஒரு பக்கம் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சி, நடுவில் பன்னிரண்டு ராசிகள், அந்தப் பக்கம் சிங்கங்கள் காவல் காக்கும் திருப்பேழை.

படங்களைப் பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலேட்டில் வரைந்தது போல இருக்கும். பெரிய கண், நேராக விறைத்து நிற்கும் உடம்பு. நான்கு மூலையில் உள்ள பருவங்கள் பக்கத்து ராசிகளோடு பொருந்தவில்லை. அதனால் என்ன? அந்தக் கிராமத்து ஜனங்கள் அதன்மேல் நின்று ஜெபித்தார்கள். வாசலருகே இரண்டு எழுத்துப் பொறிப்புகள். கிரேக்கத்தில் உள்ளது, வேலை செய்த மரியானோஸும் அவர் மகன் ஹனினாவும் நினைவுகூரப்படட்டும் என்கிறது. அராமேயத்தில் உள்ளது சிதைந்திருக்கிறது. யுஸ்தின் அரசர் காலத்தில், ஊர் மக்கள் கொடுத்ததைக் கொண்டு இந்தத் தரை போடப்பட்டது என்பது அதன் சாரம். கோதுமை அளந்து கொடுத்ததாகவும் அறிஞர்கள் அதைப் படித்திருக்கிறார்கள். காசு இல்லாத குடியானவனும் தானியம் கொடுத்துப் பங்காளி ஆகியிருக்கிறான்.

எரிகோவில் கிடைத்த இன்னொரு பழைய ஜெப ஆலயத் தரையில் இதைவிட அழகான செய்தி. இந்தத் தரை அமையக் கொடுத்தவர்கள், பெரியவர் சிறியவர் எல்லோருமே நன்மைக்காக நினைவுகூரப்படட்டும், அவர்கள் பெயரெல்லாம் ஆண்டவருக்குத் தெரியும், அவரே ஜீவ புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு தனிப் பெயர்கூட இல்லை! நம் கோயில்களில் டியூப் லைட்டின் மேல் "உபயம்" என்று அப்பன், பாட்டன் பெயரையெல்லாம் எழுதி வெளிச்சத்தையே மறைத்து விடுகிறோம் அல்லவா, அதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: பெயர் பொறித்த யூதக் கல்வெட்டுகளும் ஏராளமாக உண்டு. மனித ஆசை எங்கும் ஒன்றுதான்.

இதுவரை சொன்னது ஊர் முழுதும் சேர்ந்து செய்த பெரிய வேலை. வீட்டுக்கு வீடு செய்து ஒன்றாகச் சேர்வதும் உண்டு. ஜெர்மனி நாட்டு யூதர்களிடம் "விம்பெல்" என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்யும்போது குழந்தையைச் சுற்றியிருந்த துணியைத் துவைத்து, பட்டை பட்டையாகக் கிழித்து, நீளமாக ஒட்டுத் தைப்பார்கள். தாயோ பாட்டியோ அதில் குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள் எல்லாவற்றையும் பூவேலையோடு தைப்பார்கள். இவன் வேதம் கற்று, மணப்பந்தல் கண்டு, நற்செயல் செய்து வாழட்டும் என்ற ஆசியும் இருக்கும். பிள்ளைக்கு மூன்று வயது வாக்கில் ஆலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் துணியை ஒப்படைப்பார்கள். அது தோரா சுருளைச் சுற்றிக் கட்டும் நாடாவாகிவிடும்.

யோசித்துப் பாருங்கள். ஆலயத்துப் பேழையில் ஊரின் பிள்ளைகள் ஒவ்வொருவனுக்கும் ஒரு துணி இருக்கிறது. ஒன்றில் தையல் நேர்த்தி, இன்னொன்றில் எழுத்து கோணல். கோணலாக இருக்கிறதென்று யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஊரின் பிறப்புப் பதிவேடே துணியில் தைத்த மாதிரி. பின்னால் நாஜிகள் ஆலயங்களை எரித்தபோது எத்தனையோ விம்பெல்களும் போயின. தப்பியவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சில துணிகளில் பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்குரிய பிள்ளை வளர்ந்து என்ன ஆனான் என்று கேட்க மனசு வராது.

தோரா சுருளையே எடுத்துக்கொள்வோம். 304,805 எழுத்துகள். தோல் தாளில், இறகுப் பேனாவால், பயிற்சி பெற்ற எழுத்தர் ஒருவர் கையால் எழுத வேண்டும். பல மாதம், சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். ஒரு எழுத்து விட்டுப்போனாலும் சரி, உடைந்தாலும் சரி, திருத்தும்வரை அந்தச் சுருள் ஆலயத்தில் வாசிக்கத் தகுதியற்றது. இவ்வளவு கண்டிப்பான வேலையில் பாமர ஜனத்துக்கு என்ன இடம் என்று தோன்றும். ஆனால் பல சமூகங்களில், கடைசிச் சில எழுத்துகளை எழுத்தர் வெளிக்கோடு மட்டும் போட்டு வைப்பார். நிறைவு நாளில் ஊர் மக்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார, அவர் பக்கத்திலிருந்து வழிகாட்ட, உள்ளே மை நிரப்புவார்கள். நடுங்குகிற கிழவரானால் எழுத்தரின் கையையோ பேனாவையோ தொட்டுக்கொண்டால் போதும். பிறகு சுருளை மணப்பெண்ணைப் போலப் பந்தலின் கீழ் ஏந்தி ஆட்டமும் பாட்டுமாக ஊர்வலம் போவார்கள்.

யார் எழுதலாம் என்பதில் சச்சரவும் உண்டு. ஆசாரப் பிரிவினர் பெண்கள் எழுதிய சுருளை ஏற்பதில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துச் சமூகம் ஒன்று பெண் எழுத்தர்களைக் கொண்டே ஒரு முழுச் சுருளை எழுதுவித்து 2010-ல் நிறைவு செய்தது. கலை எல்லோரையும் சேர்க்கும் என்று மேடையில் சொல்லிவிடலாம். யாருடைய கை உள்ளே வரலாம் என்ற கேள்வியையும் கலைதான் எழுப்புகிறது. அதை மூடி மறைப்பதில் பயனில்லை.

இனி, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என் மகள் வேலை நிமித்தமாகப் போலந்தில் இருந்தபோது வார்ஸா நகரத்துக்குப் போயிருந்தேன். பழைய கெட்டோ இருந்த இடத்தில் போலந்து யூதர் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் நிரந்தரக் காட்சி 2014-ல் திறக்கப்பட்டது. அதில் ஓரிடத்தில் நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே ஒரு மரக்கூரை. உள்பக்கம் முழுவதும் ஓவியம். விலங்குகள், பறவைகள், பூங்கொடிகள், எபிரேய எழுத்துகள், மறுபடியும் பன்னிரண்டு ராசிகள். பெத் அல்ஃபா தரையில் இருந்த ராசிகள் 1,200 வருஷம் கழித்துக் கூரைக்கு ஏறியிருக்கின்றன!

அது குவோஜ்ஜெட்ஸ் என்ற சிற்றூரின் ஜெப ஆலயக் கூரை. ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் மரத்தால் கட்டி, 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யூத ஓவியர்கள் வரைந்தது. முதல் உலகப் போரில் சேதப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் அடியோடு போயிற்று. போருக்கு முன் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு இத்தகைய மர ஆலயங்களும் எரிந்தன.

நான் பார்த்தது மூலத்தின் 85 சதவீத அளவில் திரும்பச் செய்தது. செய்தது எப்படி என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் ஹேண்ட்ஸ்ஹவுஸ் ஸ்டூடியோ என்ற அமைப்பை நடத்தும் ரிக் பிரவுன், லாரா பிரவுன் என்ற கலைப் பேராசிரியத் தம்பதி முன்னின்றார்கள். ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால் இயந்திரம் வைத்துச் சீக்கிரம் முடித்திருப்பார். அவர்கள் 2011 கோடையில் சானோக் என்ற ஊரில் தச்சர்களையும் மாணவர்களையும் கூட்டி, பழைய காலத்துக் கோடாரி, ரம்பம், உளி கொண்டே மரம் இழைத்துக் கூரைச் சட்டம் கட்டினார்கள். பிறகு க்ராக்கவ், வ்ரோத்ஸ்வாவ், செய்னி என்று ஊர் ஊராகப் போய் ஓவியப் பட்டறை நடத்தினார்கள். பல பட்டறைகள், முன்பு ஜெப ஆலயமாக இருந்த கட்டடங்களிலேயே நடந்தன. பழைய புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. யாரோ அந்தக் காலத்தில் வரைந்து வைத்த சில வண்ணப் படங்களைக் கொண்டு நிறம் கண்டுபிடித்தார்கள். நிறக்கல்லை அரைத்து, முயல் தோல் பசையில் குழைத்து, பலகை பலகையாக வரைந்தார்கள். மொத்தத்தில் முந்நூறு பேருக்கு மேல் கை வைத்தார்கள். இவர்களில் பெரும்பாலானவர்கள் யூதர்கள் அல்லர்.

அங்கே நின்றபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இதை யாருக்காகச் செய்தார்கள்? இதன் கீழே ஜெபிக்கப் பத்துப் பேர் இல்லை. ஊரே இல்லை. ஆள் இல்லாத ஊருக்குக் கூரை எதற்கு? மனசுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட முடியாது. செத்தவர்களை ஓவியம் திருப்பித் தராது. பட்டறையில் உருவானது அந்தப் பழைய சமூகம் அல்ல, வேறொன்று. ஆனால் இப்படி நினைக்கிறேன். ஒரு இருபது வயதுப் பெண், தன் ஊரில் யூதர் வாழ்ந்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் படிப்பது ஒன்று. அவர்கள் தொழுத கட்டடத்திலேயே உட்கார்ந்து, அவர்களுடைய ஓவியன் இழுத்த அதே கோட்டைத் தன் கையால் மறுபடி இழுப்பது வேறு. இரண்டாவதைச் செய்தவளால் "அவங்க யாரோ, நாம யாரோ" என்று சொல்வது கஷ்டம். கை கற்றதைத் தலை சுலபத்தில் மறக்காது. வேதியியல் பரிசோதனைச் சாலையில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது தெரியும்.

ஒரே மாதிரியான ஏற்பாடு இந்த எல்லாவற்றிலும் இருப்பதைப் பார்க்கிறேன். முழு வேலை ஒருவரால் முடியாத அளவு பெரியது, ஆனால் ஒருவர் பங்கு ஒரு நாளில் முடிகிற அளவு சிறியது. தேர்ந்த கை ஒன்று மேற்பார்க்கும், பெசலெயேலோ, மரியானோஸோ, எழுத்தரோ. அது இல்லாவிட்டால் ஆர்வம் அலங்கோலத்தில் முடியும். கோணல் தையலுக்கும் இடம் உண்டு. ஒருவர் செய்த துண்டைத் தனியே எடுத்தால் அதற்கு அர்த்தம் இல்லை. தனி எழுத்து வெறும் மை, தனிக் கல் வெறும் கல். மற்றவர் துண்டோடு சேர்ந்தால்தான் என் துண்டுக்கே மதிப்பு. அந்த நிலையில் பக்கத்து ஆளைப் பிடிக்கிறதோ இல்லையோ, அவர் வேலையை முடிக்க வேண்டுமே என்ற கவலை நமக்கே வந்துவிடும். சமூகம் என்று நான் சொல்வது அந்தக் கவலையைத்தான். தேர் இழுக்கிற ஊரில் பிறந்த நமக்கு இது விளங்காததல்ல.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒவ்வோர் ஒன்றுகூடலிலும் நாம் பணம் திரட்டுகிறோம், ஒரு அறை கட்டுகிறோம், பளிங்கில் பெயர் வெட்டுகிறோம். நல்ல காரியம், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பணம் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், அதை அனுபவிக்கும் மாணவர்கள் மறுபக்கம். இரண்டு கூட்டமும் கைகுலுக்கிவிட்டுப் பிரிகிறோம். காதணி கழற்றிக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்துவிடுகிறது.

அதனால் ஒரு யோசனை. நம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் நீண்ட சுவர் காரை பெயர்ந்து கிடக்கிறது. காரை பூச மேஸ்திரியை வைத்துக்கொள்வோம். படத்தை நாமே போடுவோம். உங்களில் ஓவியம் தெரிந்தவர் ஒருவர் கட்டம் போட்டுப் படம் பிரித்துத் தரட்டும். ஒரு கட்டத்துக்கு இரண்டு பேர், ஒருவர் பழைய மாணவர், ஒருவர் இன்றைய மாணவர். என்ன படம் என்பதை மாணவர்கள் முடிவு செய்யட்டும், அதில் நாங்கள் மூக்கை நுழைக்க மாட்டோம். பணம் எல்லோருக்கும் ஒரே தொகை, அரைச் சேக்கல் போல. கட்டாயம் ஒரு நாள் தூரிகை பிடிக்க வேண்டும். பிடிக்கத் தெரியாதவர் வர்ணம் கலக்கட்டும், அதுவும் முடியாதவர் டீ வாங்கி வரட்டும். சுவரில் யார் பெயரும் வேண்டாம்.

சண்டை வரும். "நீல வர்ணம் யார் எடுத்தது" என்று சத்தம் கேட்கும். வரட்டும். சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் வருகிற சண்டை, வேலை முடிவதற்குள் அடங்கிவிடும் என்பது என் வங்கி அனுபவம்.

மாணவச் செல்வங்களே, முதல் சனிக்கிழமை எது என்று நீங்களே செயலாளரிடம் சொல்லுங்கள். பழைய சட்டை போட்டுக்கொண்டு நான் வருகிறேன்.